சின்ன மருத்துவமனைகளுக்காகக் காளிகாட்டிலிருந்து ஒரு வேண்டுகோள்

கொல்கத்தாவின் காளிகாட் வட்டாரத்துக்கு நாள்தோறும் இரண்டு கூட்டங்கள் வருகின்றன. ஒன்று கோயிலுக்கு, மற்றொன்று ஆஸ்பத்திரிக்கு. ஹஸ்ரா முனையில் சற்று நேரம் நின்றால் இரண்டையும் பார்த்துவிடலாம். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தானமாகத் தந்த வீட்டில் 1926-இல் உருவான சேவா சதன் மகப்பேறு மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அவர் பெயரிலேயே உள்ள புற்றுநோய்க் கழகமும் அதன் பக்கத்தில். கொஞ்சம் வடக்கே நடந்தால், ஊரார் இன்றும் பி.ஜி. என்றே சொல்லும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. லக்ஷ்மிகாந்தபூர், கேனிங், டயமண்ட் ஹார்பர் பக்கத்து ரயில்களில் இருட்டு விலகும் முன்பே ஏறி வந்தவர்கள், பழைய மருந்துச் சீட்டும் எக்ஸ்ரே உறையுமாகச் சீட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த வரிசையில் பலருக்கு வந்திருப்பது பெரிய நோயே அல்ல. குடலிறக்கம், பித்தப்பைக் கல், எலும்பு முறிவு, சிக்கலான பிரசவம் போன்றவைதான். முப்பது படுக்கையுள்ள ஒரு மருத்துவமனை ஒழுங்காக நடந்தால் ஊரிலேயே முடிந்துவிடும் காரியங்கள் இவை.

காளிகாட்டிலும் பக்கத்து லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ தெருக்களிலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து இந்த வேண்டுகோளை விடுக்கின்றன. நோயும் தூரமும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். சிகிச்சைக்காக வேலூருக்குப் புறப்படும் வங்காளி அண்டை வீட்டார் எந்த ரயில், எங்கே தங்கலாம், மருத்துவரிடம் தமிழில் எப்படிச் சொல்வது என்று முதலில் கேட்பது இவர்களிடம்தான். சிக்கலான நோய்க்காக 1,700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போவதில் நியாயம் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தீவிலிருந்து படகு பிடித்து, வண்டி மாறி, ரயில் ஏறி நகரத்துக்கு வர வேண்டியிருப்பதில் எந்த நியாயமும் இல்லை.

சுந்தரவனத்தை நினைத்துப் பார்க்கலாம். இந்தியப் பகுதியில் 102 தீவுகள், அவற்றில் 54-இல் மனிதர் வாழ்கிறார்கள். கோசாபாவிலிருந்து கேனிங்குக்கு வர வேண்டுமானால் முதலில் ஆற்றைக் கடந்து கத்காலி துறைக்கு வர வேண்டும், பிறகு சாலை. பகலில் இது வெறும் சிரமம். இரவில், தரையில் படுத்திருந்த ஒருவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை. அந்தக் கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. வயிற்றுவலி என்று புரண்டு படுப்பவருக்குச் சில மணி நேரத்தில் இமைகள் சரியும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அந்த நேரத்தில் தேவைப்படுவது விஷமுறிவு மருந்துக் குப்பிகள், மூச்சுக் கொடுக்கக் கையால் அழுத்தும் பை, அதை இயக்கத் தெரிந்த செவிலியர், விழித்திருக்கும் ஒரு மருத்துவர். இவ்வளவுதான். இதற்கு மாநகரத்து ஆஸ்பத்திரி வேண்டாம். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2030-க்குள் இதைப் பாதியாகக் குறைப்பதென்று மத்திய அரசு 2024-இல் திட்டம் வகுத்திருக்கிறது.

தமிழருக்கும் இந்த விஷமுறிவு மருந்தில் பங்குண்டு. மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம்தான் இந்திய விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்குப் பல காலமாக முக்கிய ஆதாரம். உயிரைப் பணயம் வைத்து இருளர்கள் எடுத்துக் கொடுத்த விஷத்திலிருந்து உருவான மருந்து, போட ஆளில்லாத ஒரு மருத்துவமனையின் குளிர்பெட்டியில் கிடந்து காலாவதியாவதைவிட வேதனையான விரயம் வேறென்ன?

மேற்கு வங்க அரசு ஒன்றும் செய்யவில்லை என்று இந்தக் குழு சொல்லவில்லை. 2016 டிசம்பர் 30 அன்று தொடங்கிய ஸ்வாஸ்த்ய சாத்தி காப்பீடு 2020 டிசம்பரில் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை வீட்டின் மூத்த பெண்மணி பெயரில் வழங்கப்பட்டது. கணவன், மனைவி இருவரின் பெற்றோருக்கும் அதில் இடம் கிடைத்தது. இது சிறிய காரியமல்ல.

ஆனால் காப்பீடு பணம் தருவது நோயாளி படுக்கையில் சேர்ந்த பிறகுதான். நடந்த சிகிச்சைக்கு இவ்வளவு என்று கணக்கு. நூற்றுக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்யும் நகரத்து மருத்துவமனைக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். தீவோரத்துச் சிறு மருத்துவமனையில் ஓரிரவு ஒருவருமே வராமல் போகலாம். அன்றும் மருத்துவருக்குச் சம்பளம் உண்டு, ஜெனரேட்டருக்கு டீசல் உண்டு, ஆய்வக ஊழியருக்குக் கூலி உண்டு. யாரும் வராத இரவுக்கான செலவை இந்தக் காப்பீடு கொடுப்பதில்லை. அதற்குமேல், நடந்த சிகிச்சைக்குரிய தொகையும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்பது தனியார் மருத்துவமனைகள் பலமுறை எழுப்பிய புகார். பெரிய நிறுவனம் அதைத் தாங்கும். சிறியது முதலில் இரவுப் பணி மருத்துவரை நிறுத்தும், பிறகு பிரசவம் பார்ப்பதை நிறுத்தும், கடைசியில் பூட்டுப் போடும்.

அமெரிக்கா இதே சிக்கலைச் சந்தித்தது. கிராமப்புற மருத்துவமனைகள் வரிசையாக மூடப்பட்டதைக் கண்டு 1997-இல் அங்கே தனி ஏற்பாடு ஒன்று வந்தது. 25 படுக்கைக்கு மிகாத, மற்ற மருத்துவமனைகளிலிருந்து விலகியுள்ள சிறு மருத்துவமனைக்கு, மூத்தோருக்கான அரசுக் காப்பீடு சிகிச்சைக்கு இவ்வளவு என்று விலை பேசாமல், அவர்களைக் கவனிக்க ஆன செலவை அளந்து கொடுக்கும். அந்த நாட்டு மருத்துவ முறையில் பின்பற்றத்தக்கவை குறைவு. இந்த ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நம்மிடமே முன்மாதிரி இல்லாமலில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990 முதல் ஆதிவாசி மக்களுக்காக இயங்கும் அஸ்வினி அமைப்பின் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டுச் சுகாதாரத் திட்டத்தின் கீழ்ப் படுக்கை மானியம் கிடைத்தது. பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் மருத்துவமனை அது.

வங்காளத்தின் சொந்த எடுத்துக்காட்டு இன்னும் பெருமைக்குரியது. வறண்ட புருலியா மாவட்டத்தின் தேபென் மஹாதோ சதர் மருத்துவமனையில் 2003-இல், பச்சிளங்குழந்தை மருத்துவர் அருண் சிங்கின் முயற்சியில், நோயுற்ற சிசுக்களுக்கான தனிப்பிரிவு தொடங்கியது. மாநில அரசும் யுனிசெஃப் அமைப்பும் துணை நின்றன. செவிலியர் போதாத இடத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கே சிசுப் பராமரிப்பில் பயிற்சி தந்தார்கள். முதலாண்டில் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை இறப்பு 14 விழுக்காடும், இரண்டாமாண்டில் 21 விழுக்காடும் குறைந்தது. பிறகு நாடெங்கும் மாவட்ட மருத்துவமனைகளில் இத்தகைய பிரிவுகள் பரவியபோது ‘புருலியா மாதிரி’ என்றே பேசினார்கள். மாநிலத்தின் பணமும், ஊர்ப் பெண்களின் கையும், ஒரு மருத்துவரின் பிடிவாதமும் சேர்ந்தால் நடப்பது இதுதான்.

அரசு வருவதற்கு முன்பே மக்கள் எழுப்பியவையும் உண்டு. 1983-இல் பேலூரில் எஃகு ஆலைத் தொழிலாளர் சங்கமும் சில மருத்துவர்களும் சேர்ந்து தொடங்கிய ஸ்ரமஜீபி மருத்துவ முயற்சி, பிற்பாடு சுந்தரவனத்துச் சர்பேரியாவிலும் மருத்துவமனையாக வேர்விட்டது. தாகுர்புகுர் பக்கத்து ஹன்ஸ்புகுரில், சிகிச்சையில்லாமல் கணவரை இழந்த சுபாசினி மிஸ்திரி வீட்டுவேலை செய்தும் காய்கறி விற்றும் காசு சேர்த்தார். மகன் அஜய் மருத்துவரானார். 1990-களில் கொட்டகையில் தொடங்கிய ‘ஹியூமானிட்டி’ மருத்துவமனை கட்டடமாக எழுந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது கொடுத்துக் கைதட்டியதோடு நாட்டின் கடமை முடிந்துவிடுவதாக இந்தக் குழு நினைக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களின் மின்கட்டணத்தையும் செவிலியர் சம்பளத்தையும் யார் தருவது என்பதே கேள்வி.

எனவே மாநில அரசிடம் கேட்பது இது. அரசின் கிராமீண மருத்துவமனையானாலும், அறக்கட்டளையோ தொழிலாளர் சங்கமோ நடத்துவதானாலும், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த, தொலைவான ஊர்களில் உள்ள மருத்துவமனைகளுக்கு இரவுப் பணிக்கென்று ஆண்டு மானியம் வேண்டும். காப்பீட்டுத் தொகை குறிப்பிட்ட நாளுக்குள் சிறிய மருத்துவமனைகளுக்கு முதலில் போய்ச்சேர வேண்டும். வேலையே செய்யாதவருக்கும் பணம் போகாதா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. மாதத்தில் எத்தனை இரவு மருத்துவர் இருந்தார், எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளது என்று வாசல் பலகையில் வங்க மொழியில் எழுதி வைக்கட்டும். ஊரே தணிக்கை செய்யும். ஆட்சி மாறலாம், திட்டத்தின் பெயர் மாறலாம், இந்தக் கோரிக்கை மாறாது.

சக குடிமக்களிடம் கேட்பதும் உண்டு. நன்கொடை தருபவர்கள் பெரும்பாலும் கல்வெட்டில் பெயர் பொறிக்க வசதியாக இயந்திரம் வாங்கித் தருகிறார்கள். அதை இயக்க ஆளிருக்காது. அதற்குப் பதில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு செவிலியரின் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்கலாம். ஓய்வுபெற்ற மயக்க மருந்து நிபுணர்களும் மகப்பேறு மருத்துவர்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தரலாம். அந்த ஒருவர் இல்லாததாலேயே பல சிறு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகள் மூடிக் கிடக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் ரோகி கல்யாண் சமிதி என்ற நோயாளர் நலக்குழுக்கள் உள்ளன. நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் ஊர் மருத்துவமனையில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று அவரோடு போய்க் கேட்பதும் ஓர் உதவிதான்.

கோரிக்கை மனு வங்க மொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டுவருகிறது. சால்ட் லேக்கில் உள்ள சுகாதாரத் துறைத் தலைமையகமான ஸ்வாஸ்த்ய பவனில் அது அளிக்கப்படும். கையெழுத்திடுபவர்கள் தமக்குத் தெரிந்த ஒரு கிராமத்து மருத்துவமனையின் பெயரையும், அங்கே இப்போது என்ன குறை என்பதையும் கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதித் தர வேண்டும்.