‘டிரம்’ முதல் ‘ரோஜா’ வரை: எல்லைப்புறத்தான் எப்போதும் வில்லனா?

நீலகிரி மலைக்கும் ஆப்கான் எல்லைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் பாதையை ஒருமுறை கவனித்துப் பார்க்கட்டும்.

முதலில் வெலிங்டன். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் மாவீரர் திப்பு சுல்தானை எதிர்த்து நின்ற படையின் தளபதிகளில் ஒருவர், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். அவருடைய பெயர்தான் இந்தப் பாசறைக்கு! அடுத்து அருவங்காடு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் துப்பாக்கிகளுக்கு வேண்டிய கார்டைட் வெடிமருந்தைத் தயாரிக்க 1904ல் இங்கே தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1947 பிரிவினைக்குப் பிறகு வெலிங்டனுக்கு வந்த ராணுவ அதிகாரிகள் கல்லூரியின் வேரோ, எல்லைப்புற நகரமான குவெட்டாவில் இருந்தது. ஆக, எல்லைப்புறத்து யுத்தங்களின் நிழல் விழுந்த மண்தான் நம் மண்.

அந்த யுத்தங்களைச் சினிமாக்காரன் எப்படிக் காட்டினான், இன்றுவரை எப்படிக் காட்டி வருகிறான் என்பதுதான் நம் பேச்சு.

“சினிமாவைப் பற்றி ஹஜ்ரத் ஏன் எழுதுகிறார்?” என்று சில பெரியவர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். நாம் பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். பக்கத்துக் கடைக்காரர் பார்க்கிறார். திரையில் பார்த்ததை வைத்துத்தான் நம்மையும் பார்க்கிறார். எழுதுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

முரசு கொட்டிய சிறுவன்

1938ல் லண்டனிலிருந்து ஒரு படம் வந்தது. பெயர் ‘தி டிரம்’. தயாரித்தவர் அலெக்சாண்டர் கோர்டா. இயக்கியவர் அவருடைய தம்பி சோல்டான் கோர்டா. அந்தக் காலத்தில் அபூர்வமான டெக்னிகலர் வண்ணப்படம். வீரதீரச் சாகசப் படங்களின் வரிசையில் இன்றும் அதற்கு இடம் கொடுக்கிறார்கள்.

கதை இதுதான். வடமேற்கு எல்லையில் டோகோட் என்று ஒரு கற்பனை சமஸ்தானம். அதன் ஆட்சியாளர் வெள்ளையருக்கு நண்பர். அவருடைய தம்பி குல், அண்ணனைக் கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடிக்கிறான். வெள்ளைக்காரத் தளபதியையும் அவனுடைய வீரர்களையும் முஹர்ரம் விழாவின்போது விருந்துக்கு அழைத்து, அங்கேயே தீர்த்துக்கட்டத் திட்டமிடுகிறான். கொல்லப்பட்டவரின் மகனான இளவரசன் அஜீம் முரசு கொட்டி எச்சரிக்கை செய்து, பிரிட்டிஷ் படையைக் காப்பாற்றுகிறான்.

சகோதரர்களே, முஹர்ரம் எப்படிப்பட்ட மாதம்? ஆஷூரா நோன்பு நோற்கும் மாதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் கர்பலாவில் அநியாயமாகக் கொல்லப்பட்ட மாதம். கொலையுண்டவர்களை நினைத்து உலகமே கண் கலங்கும் அந்த நாட்களை, கொலைகாரர்களின் விருந்து நாட்களாகக் காட்டினான் வெள்ளைக்காரன்! இது அறியாமையா, அகந்தையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் படத்தில் இரண்டே வகை முஸ்லிம்கள்தான். வெள்ளையனை எதிர்த்தால் குல் மாதிரி துரோகி, கொலைகாரன். வெள்ளையனுக்கு முரசு கொட்டினால் அஜீம் மாதிரி நல்ல பிள்ளை. மூன்றாவதாக ஒரு முஸ்லிமுக்கு அங்கே இடமே இல்லை.

அஜீமாக நடித்தவர் யார் தெரியுமா? கூடலூரைத் தாண்டி, முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்கு அப்பால் மைசூர்ச் சீமையின் காராப்பூரில் பிறந்த சாபு. மைசூர் மகாராஜாவின் யானைப் பாகன் ஒருவரின் மகன். தகப்பனை இழந்த முஸ்லிம் பிள்ளை. யானைக் கொட்டாரத்தில் வேலை பார்த்த அந்தச் சிறுவனைப் படக்காரர்கள் கண்டெடுத்து, ‘எலிபென்ட் பாய்’ படத்தில் நடிக்க வைத்து, லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். பிறகு அவர் அமெரிக்கா சென்று ஹாலிவுட் நட்சத்திரமானார். 1963ல், நாற்பது வயது நிறையும் முன்பே காலமானார். கோபப்பட வேண்டியது அந்தப் பிள்ளை மீதல்ல. நம் வீட்டுப் பிள்ளையையே வைத்து நமக்கு எதிராக முரசு கொட்ட வைத்தானே, அந்தத் தந்திரத்தைத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைய எல்லையில் நடந்தது என்ன?

திரையில் பட்டாணியன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அதே 1938ல் உண்மையான எல்லைப்புற மாகாணத்தில் என்ன நடந்தது?

அங்கே டாக்டர் கான் சாஹிப் தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை ஆண்டுகொண்டிருந்தது. அவருடைய தம்பி கான் அப்துல் கஃபார் கான் 1929ல் தொடங்கிய ‘குதாயி கித்மத்கார்’ இயக்கத்தில் பட்டாணியர்கள் பெருந்திரளாகச் சேர்ந்து, ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள். பழிக்குப் பழி என்று வாழ்ந்த சமூகத்தை ஒரு மனிதர் ஈமானின் பலத்தால் பொறுமையின் பாதைக்குத் திருப்பினார். காந்தியடிகள் அந்த ஆண்டு இரண்டுமுறை எல்லைப்புறத்துக்குப் போனார். துப்பாக்கி வீட்டுச் சாமான்களில் ஒன்றாக இருந்த அந்த மண்ணில் இந்தச் செஞ்சட்டைத் தொண்டர்களோடு தங்கினார், பேசினார், திரும்பினார்.

இந்தப் பட்டாணியனைக் கோர்டா சகோதரர்கள் ஏன் காட்டவில்லை? காட்டியிருந்தால், “இவர்களை ஆள உங்களுக்கு என்ன உரிமை?” என்று லண்டன் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவனே கேட்டிருப்பான்!

சுட மறுத்த சிப்பாய்கள்

எல்லைப்புறச் சிப்பாயின் வீரக்கதைதான் வேண்டுமென்றால், அதுவும் இருக்கிறது.

1930 ஏப்ரல் 23. பெஷாவர் நகரின் கிஸ்ஸா கவானி பஜார். கதை சொல்பவர்களின் கடைவீதி என்று அதற்குப் பொருள். கஃபார் கானும் மற்றத் தலைவர்களும் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து மக்கள் நிராயுதபாணிகளாகத் திரண்டார்கள். கவச வண்டிகள் பாய்ந்தன, துப்பாக்கிகள் முழங்கின. செத்தவர்களின் தொகையை அரசு குறைத்துச் சொன்னது. மக்கள் சொன்ன கணக்கோ நூற்றுக்கணக்கில்.

அங்கே நின்ற ராயல் கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவுக்குச் சுடும்படி உத்தரவு வந்தது. அவர்கள் இமயமலைப் பக்கத்து இந்துக்கள். எதிரே நின்றவர்களோ பட்டாணிய முஸ்லிம்கள். அவர்கள் சுடவில்லை! நிராயுதபாணிகளான நம் சகோதரர்களைச் சுட மாட்டோம் என்று துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். அவர்களில் முன்னின்ற சந்திர சிங் கர்வாலிக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 1941ல்தான் அவர் வெளியே வந்தார்.

இதைவிடப் பெரிய சிப்பாய் வீரம் உண்டா? இதை அன்றைய எந்த வெள்ளைக்காரப் படக்கம்பெனியும் தொடவில்லை. அது இருக்கட்டும். நம் மதரஸாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்குச் சந்திர சிங் கர்வாலியின் பெயர் தெரியும்?

1938ன் எதிர்ப்பு

‘தி டிரம்’ பம்பாயில் திரையிடப்பட்டபோது எதிர்ப்பு வெடித்தது. மதராசிலும் எழுந்தது. முஸ்லிம்களோடு இந்துக்களும் சேர்ந்தே குரல் கொடுத்தார்கள். முடிவில் படம் நிறுத்தப்பட்டது. மறுவருடம் ஹாலிவுட்டிலிருந்து ‘கங்கா தீன்’ வந்தது. அதிலே காளி பக்தர்கள் கொலைவெறியர்களாகவும், பிரிட்டிஷ் படைக்காக உயிர்விடும் தண்ணீர் சுமப்பவன் நல்லவனாகவும் சித்தரிக்கப்பட்டார்கள். அவமதிப்பு இந்த முறை இந்துக்களின் வாசலுக்கு வந்தது! வங்காளத்திலும் பம்பாயிலும் அது தடை செய்யப்பட்டது. ஆக, வெள்ளையனின் கேமராவுக்கு அப்துல்லாவும் ஒன்றுதான், ஆறுமுகமும் ஒன்றுதான்.

‘கங்கா தீன்’ படத்துக்கு எதிராகப் பத்திரிகையில் கடுமையாக எழுதியவர்களில் ஒருவர் க்வாஜா அஹ்மத் அப்பாஸ் என்ற இளம் பத்திரிகையாளர். கவிஞர் ஹாலியின் வழிவந்தவர். அவர் கண்டித்ததோடு நிற்கவில்லை. தாமே படம் எடுக்கவும் வந்தார். கோவா விடுதலைப் போரைப் பற்றி 1969ல் அவர் எடுத்த ‘சாத் ஹிந்துஸ்தானி’யில், நாட்டுக்காகப் போராடும் எழுவரில் ஒருவன் அன்வர் அலி. அந்த வேடத்தில் அறிமுகமானவர்தான் அமிதாப் பச்சன். பேனாவால் எதிர்த்தவர் கேமராவால் பதில் சொன்னார்!

இந்த எல்லைப்புறப் படங்களின் விஷத்தை அறிய ஒரு செய்தி போதும். கேரி கூப்பர் நடித்த ‘தி லைவ்ஸ் ஆஃப் எ பெங்கால் லான்சர்’ 1935ல் வந்தது. அதன் வில்லன் பெயர் முஹம்மது கான். ஒரு பிடி வெள்ளையர்கள் ஒரு கண்டத்தையே அடக்கி ஆள்வதைக் காட்டுகிறது என்பதால் இந்தப் படம் ஹிட்லருக்கு மிகவும் பிடித்திருந்தது. 1937ல் தன்னைச் சந்திக்க வந்த ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடமே இதைச் சொன்னான். அந்த ஹாலிஃபாக்ஸ்தான் முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த இர்வின் பிரபு!

நம் மலையிலே ஒரு காஷ்மீர்

வெள்ளையன் போய்விட்டான். அந்த அச்சு போனதா?

1992ல் மணிரத்னத்தின் ‘ரோஜா’ வந்தது. காஷ்மீரில் படம் எடுக்க முடியாத சூழ்நிலை. அதனால் குன்னூரும் ஊட்டியும் மணாலியும் திரையில் காஷ்மீராயின. கதாநாயகன் எரியும் தேசியக்கொடி மீது விழுந்து தன் உடம்பால் தீயை அணைக்கிறான். அதே வேளையில் அவனைக் கடத்திய லியாகத் தொழுகையில் இருக்கிறான். கொடியும் தொழுகையும் ஏன் எதிரெதிரே நிறுத்தப்பட்டன? ஐவேளை தொழுதுவிட்டு இந்த நாட்டின் எல்லையைக் காத்த முஸ்லிம் சிப்பாய்கள் இல்லையா? 1965 போரில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தகர்த்து உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் பெயரைச் சொன்னாலே போதுமே!

கடைசியில் லியாகத் மனம் மாறிக் கதாநாயகனைப் போகவிடுகிறான். அப்போதுதான் அவன் நல்லவன். குல், அஜீம் என்று லண்டனில் பிரித்த அதே கணக்கு! பாட்டு இனிமைதான், ஒளிப்பதிவு அழகுதான். மறுக்கவில்லை. இனிப்புத் தடவிய மருந்தைத்தான் பிள்ளை கேட்காமல் விழுங்கும்.

நாம் செய்ய வேண்டியது

2013ல் ‘விஸ்வரூபம்’ படத்தை எதிர்த்தோம். கலெக்டர்கள் தடை உத்தரவு போட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, சில காட்சிகள் திருத்தப்பட்டன, பிப்ரவரியில் படம் வெளியானது. காசு செலவில்லாத விளம்பரம் அதற்குக் கிடைத்தது. நமக்கோ “இவர்கள் எதற்கெடுத்தாலும் தடை கேட்பவர்கள்” என்ற பெயர் கிடைத்தது. எதிர்ப்பே கூடாது என்று சொல்லவில்லை. தடை கேட்பதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போவதுதான் கூடாது.

இளைஞர்களே! செய்தி வந்தால் தீர விசாரித்த பிறகே பேச வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. யாரோ செல்போனில் அனுப்பிய துண்டுக் காட்சியை வைத்துக் கொதிக்காதீர்கள். எந்தக் காட்சி, என்ன தவறு, உண்மை வரலாறு என்ன என்று குறித்து வையுங்கள். தணிக்கைக் குழுவுக்கும் பத்திரிகைகளுக்கும் நல்ல தமிழில், பெயர் போட்டு எழுதுங்கள். கல் எறிபவனைப் போலீஸ் மட்டுமே கவனிக்கும். ஆதாரத்தோடு எழுதுபவனை நடுநிலையாளர்கள் கவனிப்பார்கள்.

வியாபாரப் பெருமக்களே! ஊட்டி மார்க்கெட்டிலும் குன்னூர் கடைவீதியிலும் எல்லா மதத்தாரோடும் தோளுரசி வாழ்பவர்கள் நீங்கள். ஒருநாள் கடையடைப்பால் ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே, ஜமாஅத்தில் ஒரு வரலாற்று நூலகம் திறக்கலாம். எழுதத் தெரிந்த, கேமரா பிடிக்கத் தெரிந்த ஒரு ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்கலாம். அந்தப் பிள்ளை நாளை கிஸ்ஸா கவானியின் கதையைச் சொல்வான். பட்டாணியனைச் சுட மறுத்த கர்வாலியின் கதையைச் சொல்வான். அதைப் பார்க்கும் இந்து சகோதரரும் “இது எங்கள் கதை” என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

சாபுவின் கையில் முரசைக் கொடுத்து, கொட்ட வேண்டிய தாளத்தையும் சொல்லிக்கொடுத்தது அந்நியன். நம் பிள்ளைகளின் கையில் முரசைக் கொடுக்கப் போவது யார்?

சிந்திப்போம்! செயல்படுவோம்! இன்ஷா அல்லாஹ், நம் கதையை நாமே சொல்வோம்!