ரயிலில் திடீர் 'அப்கிரேடு': பரிசா, பெர்த் இழப்பா? எல்லை ஊர்ப் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகனுக்குச் சென்னையில் ஐடி வேலை. அம்மா இடுக்கி மாவட்டம் தேவிகுளம் பக்கம், எஸ்டேட் பகுதியில் இருக்கிறார். வயது 62, முழங்கால் வலி. சென்னையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து இரவு ரயில். மகன் 60 நாள் முன்பே உட்கார்ந்து ஸ்லீப்பர் வகுப்பில் லோயர் பெர்த் எடுத்துவிட்டார்.

பயண நாளன்று பிஎன்ஆர் நிலையைப் பார்த்தால் பெட்டியும் எண்ணும் மாறியிருக்கின்றன. S4 போய் B2 வந்திருக்கிறது. "அம்மா, உனக்கு ஜாக்பாட்! அதே காசுக்கு ஏசி பெட்டி கொடுத்துட்டாங்க" என்று போன் போடுகிறார். அம்மா கேட்கிறார்: "ஏசி எல்லாம் சரிடா, கீழ் பெர்த்தா?"

எண் 34. அது நடு பெர்த்.

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் விதிகளின்படி இது நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ரயில்வேயின் 'ஆட்டோ அப்கிரேடேஷன்' திட்டம் எப்படி வேலை செய்கிறது, அதில் லாபம் யாருக்கு, எப்போது 'வேண்டாம்' என்று சொல்வது நல்லது என்று பார்ப்போம்.

எல்லை ஊர்களுக்கு இது ஏன் முக்கியம்?

இடுக்கி மாவட்டத்தில் ரயில் நிலையமே கிடையாது. மூணாறு, தேவிகுளம், பூப்பாறை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கித் தமிழ்நாட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கே போடிநாயக்கனூர் ரயில் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் மூடப்பட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்தது. 2023 ஜூன் 15 அன்று சென்னை - போடி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது, வாரத்துக்கு மூன்று நாள்தான் அந்த வண்டி.

பாலக்காடு பக்கம் நிலைமை வேறு. அங்கே கோவை வழியாகச் சென்னைக்கு நிறைய வண்டிகள் உண்டு. ஆனால் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் தமிழர்கள் பழனி, திண்டுக்கல் போக பொள்ளாச்சிப் பாதையைத்தான் நம்ப வேண்டும். அதில் வண்டிகள் குறைவு.

வண்டி குறைவாக இருக்கும் இடத்தில் வெயிட்டிங் லிஸ்ட் நீளும். அப்கிரேடு என்ற கருவியை ரயில்வே கையில் எடுப்பதும் அந்த வெயிட்டிங் லிஸ்டுக்காகத்தான்.

ரயில்வே ஏன் இலவசமாக ஏசி பெட்டி தருகிறது?

இந்தத் திட்டம் 2006-ல் தொடங்கியது. கணக்கு எளிமையானது. ஒரு வண்டியில் மூன்றடுக்கு ஏசியில் 4 பெர்த் காலி, அங்கே யாரும் காத்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதே வண்டியில் ஸ்லீப்பர் வகுப்பில் 40 பேர் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறார்கள். சும்மா விட்டால் 4 ஏசி பெர்த்தும் காலியாகவே ஓடும். காத்திருந்த 40 பேருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இப்போது ஸ்லீப்பரில் டிக்கெட் உறுதியான 4 பேரை ஏசிக்கு ஏற்றிவிட்டால்? ஸ்லீப்பரில் 4 இடம் காலியாகிறது. வெயிட்டிங் லிஸ்டின் முதல் 4 பேருக்கு பெர்த் உறுதி. ரயில்வேக்கு 4 டிக்கெட் பணம் மிச்சம். இந்த வேலையை சார்ட் தயாராகும்போது கணினியே செய்கிறது.

ஆகவே அப்கிரேடு என்பது உங்களுக்கு வந்த பரிசு என்பதைவிட, வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு இடம் உண்டாக்கும் ஏற்பாடு. வாரத்தில் சில நாளே ஓடும் வண்டியில் அந்த ஒருவருக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். கிடைக்காவிட்டால் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும்.

யாருக்கெல்லாம் கிடைக்கும்?

முழுக் கட்டணம் கட்டியவர்களுக்கு. சலுகைக் கட்டணத்திலோ பாஸிலோ போகிறவர்களுக்குக் கிடையாது. ஒரே பிஎன்ஆரில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரையும் சேர்த்துத்தான் மாற்றுவார்கள். இல்லையென்றால் யாரையும் மாற்ற மாட்டார்கள். பிஎன்ஆர் எண் மாறாது. கூடுதல் கட்டணமும் இல்லை.

2025 மே மாதம் ரயில்வே வாரியம் விதிகளைத் திருத்தியது. படுக்கை வசதியுள்ள வகுப்புகளில் இரண்டு படி வரை மேலே போகலாம். முதல் வகுப்பு ஏசிக்கு மட்டும் விதிவிலக்கு. இரண்டடுக்கு ஏசி டிக்கெட் வைத்திருப்பவர்தான் அங்கே போக முடியும்.

முன்பதிவின்போது உங்கள் விருப்பத்தைக் கேட்கிறார்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 'சம்மதம்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதனால் நம் அப்பா அம்மாவும் இப்போது முழுக் கட்டணம்தான் கட்டுகிறார்கள். சலுகை டிக்கெட் என்ற காரணத்தால் முன்பு பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள், இப்போது அப்கிரேடுக்குத் தகுதியான கூட்டத்தில் வந்து நிற்கிறார்கள்.

அப்கிரேடில் எதை இழக்கலாம்?

மாறுவது வகுப்பு மட்டும் இல்லை, பெர்த்தும்தான். நீங்கள் தேர்ந்தெடுத்த லோயர் பெர்த், மேல் வகுப்பிலும் லோயராகவே கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒரு தடுப்புக்கு 8 பெர்த். அதில் 2 லோயர், 1 சைடு லோயர். ஆக, கீழே இருப்பவை 8-ல் 3, அதாவது 37.5%. இரண்டடுக்கு ஏசியில் ஒரு தடுப்புக்கு 6 பெர்த், கீழே 3, சரிபாதி. அங்கே நடு பெர்த்தே கிடையாது.

உண்மையான வாய்ப்பு இந்தச் சதவீதத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கலாம். எல்லோரும் முதலில் கேட்பது லோயர்தான். கடைசி வரை காலியாகக் கிடப்பவை பெரும்பாலும் மேல், நடு பெர்த்துகள். அப்கிரேடில் வருகிறவருக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.

எண்ணைப் பார்த்தே எந்த பெர்த் என்று கண்டுபிடிக்கலாம். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி என்றால் எண்ணை 8-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 வந்தால் லோயர்; 2, 5 நடு; 3, 6 அப்பர்; 7 சைடு லோயர்; மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர். 34-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 2. அம்மாவுக்கு நடு பெர்த் என்று இப்படித்தான் தெரிந்தது. இரண்டடுக்கு ஏசிக்கு 6-ஆல் வகுக்க வேண்டும்: 1, 3 லோயர், 2, 4 அப்பர், 5 சைடு லோயர், மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர்.

பிறகு மறுக்க முடியாதா?

சிக்கலே இங்கேதான். அப்கிரேடு நடப்பது சார்ட் போடும்போது. முன்பு வண்டி கிளம்ப 4 மணி நேரத்துக்கு முன் சார்ட் போடுவார்கள். 2025 ஜூலையில் அதை 8 மணி நேரமாக முன்னே கொண்டுவந்தார்கள். தகவல் சீக்கிரம் தெரிகிறது என்ற அளவில் நல்லதுதான். ஆனால் சார்ட் வந்த அந்த நொடியே உங்கள் பழைய பெர்த் வெயிட்டிங் லிஸ்டில் இருந்த வேறொருவருக்குப் போய்விட்டது. 'எனக்குப் பழைய இடமே போதும்' என்று சொல்ல ஒரு பட்டன் கிடையாது.

பெட்டியில் ஏறிய பிறகு டிடிஇ-யிடம் கேட்கலாம், எதிரில் இருக்கும் இளைஞரிடம் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் யாராவது உதவுவார்கள். ஆனால் அது அவர்களின் நல்ல மனசு, உங்கள் உரிமை இல்லை.

கப்பல், விமானத்தில் எப்படி?

கடல் சுற்றுலாக் கப்பல்களில் இது பழைய கதை. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் கோர்டெலியா கப்பல் கிளம்பியபோது நம் ஊரிலும் பலர் 'கேபின் எப்படித் தேர்ந்தெடுப்பது' என்று தேடத் தொடங்கினார்கள். உலகம் முழுக்கக் கப்பல் நிறுவனங்கள் 'கேரண்டி கேபின்' என்று ஒன்றை விற்கின்றன. விலை குறைவு. வகை மட்டும் உறுதி. எந்த அறை என்பதை நிறுவனம் பிறகு முடிவு செய்யும். பால்கனி அறைக்கு உயரலாம், இன்ஜின் சத்தம் கேட்கும் மூலைக்கும் போகலாம். ஆனால் அங்கே வாங்கும்போதே தெரியும்: எண் வேண்டுமென்றால் கூடுதல் பணம், எண் வேண்டாமென்றால் தள்ளுபடி.

நம் ரயிலிலும் அப்படி ஒன்று உண்டு. முதல் வகுப்பு ஏசி டிக்கெட்டில் பெர்த் எண் இருக்காது, 'உறுதி' என்று மட்டுமே இருக்கும். இருவர் படுக்கும் கூபேயா, நால்வர் படுக்கும் கேபினா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும். தேனிலவுக்கு மூணாறு போகும் ஜோடிகள், கூபே கிடைக்கும் என்று நம்பி ஏமாறுவது இதனால்தான். கோரிக்கை வைக்கலாம், உறுதியாகக் கேட்க முடியாது.

கீழ் வகுப்புக்குத் தள்ளப்பட்டால் என்ன என்பதில் விமானமும் ரயிலும் வேறு வேறு. விமானத்தில் உங்கள் விருப்பமில்லாமல் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கும் டிஜிசிஏ விதிப்படி உள்நாட்டுப் பயணத்துக்கு வரி உட்பட டிக்கெட் விலையில் 75% திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 30%, 50%, 75%. ரயிலில் இடமில்லாமல் கீழ் வகுப்பில் போக நேர்ந்தால் கிடைப்பது இரண்டு வகுப்புக்கும் உள்ள கட்டண வித்தியாசம் மட்டும். அதற்கும் டிடிஇ-யிடம் சான்றிதழ் வாங்கி, டிடிஆர் பதிவு செய்ய வேண்டும். பட்ட சிரமத்துக்கு அதில் எந்த விலையும் இல்லை.

அப்படியானால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாமா?

எல்லோரும் அப்படிச் செய்தால் நஷ்டம் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்களுக்குத்தான். அதனால் யார் பயணம் செய்கிறார் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீங்கள் இளைஞர், எந்த பெர்த்திலும் ஏறிப் படுத்துவிடுவீர்கள் என்றால் 'சரி' என்றே கொடுங்கள். உங்களுக்கு ஏசி கிடைக்கலாம்; இன்னொருவருக்கு ஊர் போய்ச் சேர ஒரு இடம் கிடைக்கும்.

பெற்றோர், கர்ப்பிணி, முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர் என்றால், லோயர் பெர்த் உறுதியானதும் அப்கிரேடு 'வேண்டாம்' என்று இருப்பதே நல்லது. டிக்கெட் எடுக்கும்போதே அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னும் சில விஷயங்கள்:

மூத்த குடிமக்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் வருவார்கள். ஸ்லீப்பரில் பெட்டிக்கு 6 முதல் 7, மூன்றடுக்கு ஏசியில் 4 முதல் 5, இரண்டடுக்கு ஏசியில் 3 முதல் 4 பெர்த் இதற்காக இருக்கின்றன. தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ டிக்கெட் எடுத்தால்தான் இது பொருந்தும். அம்மா அப்பா டிக்கெட்டோடு உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டால் ஒதுக்கீடு போய்விடும். தனி பிஎன்ஆராக எடுங்கள்.

ஐஆர்சிடிசியில் 'குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்ற விருப்பம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

சார்ட் வந்ததும் பிஎன்ஆர் நிலையை மறுபடி பாருங்கள். பெரியவர்கள் பழைய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பெட்டியில் ஏறிவிட்டால், நடு இரவில் பையைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக நடக்க வேண்டியிருக்கும்.

நடு பெர்த்தே வந்துவிட்டால்: இரவு 10 முதல் காலை 6 வரைதான் அதை விரிக்க வேண்டும் என்பது விதி. அதுவரை கீழ் இருக்கையில் உட்கார அவருக்கு உரிமை உண்டு.

அப்கிரேடு ஆன டிக்கெட்டை ரத்து செய்தால், பிடித்தம் பழைய வகுப்புக்கு உரியதுதான்.

ரயில்வே செய்யக்கூடியது ஒன்று

பதிவு செய்யும்போது 'லோயர் கிடைத்தால் மட்டும்' என்ற நிபந்தனையைக் கணினி ஏற்கிறது. அதே நிபந்தனையை அப்கிரேடுக்கும் வைக்கலாம்: 'மேல் வகுப்பிலும் லோயர் இருந்தால் மட்டும் மாற்று'. இப்போது இருக்கும் 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டோடு இது மூன்றாவதாக ஒரு வரி. யாருக்கும் நஷ்டமில்லை, பெரியவர் மாற்றப்படாவிட்டால் கணினி அடுத்த தகுதியான பயணியை எடுத்துக்கொள்ளும்.

அந்த வரி வரும்வரை அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். சென்னையிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து ஊரில் இருப்பவர்களுக்கு டிக்கெட் போடுவது பெரும்பாலும் நம் தலைமுறைதான். அடுத்த முறை போடி வண்டிக்கோ பாலக்காடு வண்டிக்கோ பதிவு செய்யும்போது, பணம் கட்டும் முன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு ஏசி முக்கியமா, கீழ் பெர்த் முக்கியமா?"