சந்தனமா, நீலம் தோய்ந்த வெள்ளையா?

பொங்கல் நெருங்கினால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கு எழும். அறைக்கு வெளிர்சந்தனம் பூசுவதா, நீலச்சாயல் கொண்ட வெள்ளையா? பெயிண்ட் கடையின் வண்ண அட்டையைப் பார்த்தே பெரும்பாலும் தீர்ப்பு எழுதப்படுகிறது. அந்த அட்டைக்கு நம் சன்னலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வெள்ளையில் நீலம் சேர்ப்பது புதுமையன்று. வேட்டிக்கு நீலம் போடுவது போலவே, சுண்ணாம்பு கரைத்த வாளியிலும் நம் பெரியவர்கள் சிறிது நீலப்பொடி கலந்தார்கள். மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். சுண்ணாம்பின் பழுப்பு அதில் அடங்கிவிடும். ஆனால் அவை முற்றம் வைத்த வீடுகள். வானம் தாராளமாக உள்ளே வந்தது.

இன்றைய புறநகர் மனையிலோ சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். நம் அறைக்குள் வருவது பெரும்பாலும் அந்தச் சுவர் திருப்பியனுப்பும் வெளிச்சமே. அவர் கிளிப்பச்சை பூசியிருந்தால் (பூசியிருப்பார்!) நம் சந்தனமும் பச்சையேறும், வெள்ளையும் பச்சையேறும். சந்தனம் கூடுதலாக மங்கவும் செய்யும்.

அந்தக் கீழ்த்தளத்து அறை பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. என் கவலை அங்கேதான். வயதேறக் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுக்கிறது, பாவையும் சுருங்குகிறது. 60 வயதில் விழித்திரையைச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பர். ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவைக்குப் பின் எல்லாம் நீலமாகத் தெரிவதாகக் குறைபட்டார். அதுவரை வில்லை மறைத்திருந்த நீலம் அது. ஏற்கெனவே மஞ்சள் திரை வழியே பார்க்கும் பாட்டிக்குச் சுவரிலும் ஏன் மஞ்சள்? நீலம் துளியளவே கலந்த வெள்ளை கூடுதல் ஒளியைத் திருப்பும். செருப்பும் வாசற்படியும் கண்ணில் படும். நிலைச்சட்டத்தை மட்டும் அடர்நிறத்தில் விட்டுவிடுங்கள்.

மேற்குப் பார்த்த மாடியறைக்கும் வெள்ளையே என் தேர்வு; மாலை வெயில் தன் மஞ்சளைத் தானே கொண்டுவருகிறது. வடக்கே வெளி திறந்த சன்னலுக்குச் சந்தனம் பொருந்தும். அங்கே வருவது நீலம் கலந்த வானொளி. வெள்ளை சற்றுக் குளிர்ந்துபோகும்.

டப்பாக்களை வாங்குமுன் இரு நிறத்திலும் சிறிதளவு வாங்கி, சன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச்சுவரிலும் இரண்டடிச் சதுரமாக இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். காலையில் ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை, இரவில் விளக்கைப் போட்டு ஒருமுறை பாருங்கள். ஒருநாள் வேலை கெடுவதாகப் பெயிண்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.