தனியாகப் போகிறவருக்குப் பெரிய கப்பலா, சின்னக் கப்பலா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

பென்சன் எடுத்த ஆசிரியர்கள் சிலர் நம் ஊரில் இப்போது உல்லாசக் கப்பல் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் கட்டாரிலும் அவுஸ்திரேலியாவிலும் உழைக்கிறார்கள். வாப்பாவுக்கு ஏதாவது செய்து பார்க்க அவர்களுக்கு ஆசை. உம்றா முடிந்தது, மலேசியா - சிங்கப்பூர் பெக்கேஜும் முடிந்தது, அடுத்தது கப்பல். "அரிசி விற்கிற விலைக்குக் கப்பல் கேட்குதா" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பத்தைந்து வருடம் வெண்கட்டி பிடித்த மனிதர் பிள்ளை அனுப்பும் காசில் நாலு நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஊருக்கு ஒரு நட்டமும் இல்லை.

என் கவலை வேறு. இப்படிப் போக நினைப்பவர்களில் சிலர் தனியாள். மனைவி மௌத்தாகியிருப்பார், அல்லது முழங்கால் வருத்தத்தால் அவரால் வர ஏலாது. எனக்கு மூத்த ஆசிரியர் ஒருவருக்கு அவருடைய பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஏன் அது என்று கேட்டேன். "ஆயிரக்கணக்கில ஆக்கள் இருப்பாங்களாம் தம்பி, எனக்குத் தனிமை தெரியாதாம்" என்றார். பிள்ளைகளின் அன்பில் குறை சொல்ல மாட்டேன். அந்த நியாயத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாலு பேருடன் கதைத்துச் சிரித்து வர வேண்டும் என்று தனியாகக் கிளம்புகிற ஒருவருக்குப் பெரிய கப்பல் பொருந்தாது என்பதே என் கருத்து.

நான் உல்லாசக் கப்பல் ஏறியவன் அல்ல. என்னிடம் படித்த மூன்று பொடியன்மார் அந்தக் கப்பல்களில் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர் சாப்பாட்டு மண்டபத்தில், இருவர் கெபின் துப்புரவில். லீவில் ஊருக்கு வரும்போது அவர்களைப் பிடித்து வைத்துக் கேட்டதையும், நான் வாசித்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பெரியது என்றால் எவ்வளவு பெரியது? 2023 ஜூனில் சென்னையிலிருந்து இந்தியக் கம்பனி ஒன்றின் 'எம்பிரஸ்' கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது படங்களைப் பார்த்து நாமெல்லாம் வாயைப் பிளந்தோம். அது 1990இல் கட்டிய கப்பல், சுமார் 48,500 டன். (இந்த டன் எடை அல்ல, கப்பலின் உள்ளளவைச் சொல்லும் கணக்கு. வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற பழக்கம், மன்னியுங்கள்.) 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கிய 'ஐகொன் ஒஃப் த சீஸ்' 2,48,000 டன்னுக்கும் மேல். அதாவது எம்பிரஸைப் போல் ஐந்து மடங்கு. 20 தளங்கள். கெபினுக்கு இரண்டு பேர் என்று பார்த்தால் 5,610 பயணிகள், கட்டில் எல்லாம் நிரம்பினால் 7,600. வேலையாட்கள் மட்டும் இன்னும் 2,350 பேர். சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்கள் அவ்வளவு பெரியவை அல்ல. ஆனாலும் மூவாயிரம் பேர் என்பது அங்கே சாதாரணம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை இரண்டாம் தரம் காண்பதே தற்செயல்தான். காலைச் சாப்பாடு பல இடங்களில் நடக்கிறது. நேற்று உங்களுக்குப் பக்கத்தில் இருந்து அன்பாகக் கதைத்த மலேசியக்காரர் இன்று எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? வந்தவர்களும் பெரும்பாலும் குடும்பமாகவோ கூட்டாளிமாரோடோ வந்தவர்கள். அவர்களுக்குக் கதைக்க ஆள் இருக்கிறது, நீங்கள் தேவையில்லை. யாரையும் தெரியாத ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் ஓரக் கதிரையில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கூட்டம் கூடக்கூடத்தான் அந்தத் தனிமை உறைக்கும்.

அதே கல்யாண வீட்டில் சஹனில் இருத்திவிட்டால் கதை வேறு. ஆறு பேரும் ஒரு தட்டில் கை வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்காமல் எழும்ப முடியாது. சின்னக் கப்பல் அப்படித்தான். நூறு பேர், ஒரு சாப்பாட்டு மண்டபம், ஒரு மேல்தளம். இரண்டாம் நாள் முகம் பழகும், மூன்றாம் நாள் பெயர் தெரியும், நாலாம் நாள் "முழங்கால் எப்படி" என்று கேட்பார்கள்.

கெபின் துப்புரவில் இருந்த பொடியன் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சேர், தனிய வாற வயசாளிமார் எங்கட பேரத்தான் முதல்ல பாடமாக்குவாங்க. கூட்டப் போனா கதவப் பிடிச்சிக்கிட்டு நின்டு கதைப்பாங்க. எங்களுக்கு அடுத்தடுத்த கெபின் கிடக்கும், ஆனா விட்டுட்டுப் போகவும் மனசு வராது." மூவாயிரம் பேருக்கு நடுவில் அந்த மனிதருக்குக் கிடைத்த கூட்டாளி கெபின் கூட்ட வந்த நம் ஊர்ப் பொடியன்தான்.

காசு விடயத்துக்கு வருவோம். விளம்பரத்தில் போடும் விலை, ஒரு கெபினில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு. தனியாள் போனால் அந்த விலையில் முடியாது. காலியாகக் கிடக்கும் மற்றக் கட்டிலுக்கும் சேர்த்து அறவிடுவார்கள், சில இடங்களில் முழுசாக இரண்டு பேரின் காசு. மனைவியை இழந்தவரிடம் மனைவியின் டிக்கட்டுக்கும் காசு வாங்குகிற வியாபாரம் இது. பொருளாதாரம் படிப்பிக்கிறவர்கள் எனக்கு நியாயம் சொல்லலாம், மனசு ஏற்கவில்லை.

இதில் பெரிய கப்பல்களுக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். 2010இல் 'நோர்வீஜியன் எபிக்' என்ற கப்பல் தனியாட்களுக்கென்றே 128 சின்னக் கெபின்களோடு வந்தது. ஒவ்வொன்றும் 100 சதுர அடி அளவு, கடல் பார்க்கும் ஜன்னல் இல்லை. ஆனால் இரண்டாவது ஆளின் காசு கட்டத் தேவையில்லை. பிறகு வேறு கம்பனிகளும் அந்த வழிக்கு வந்தன. எனக்கு இதில் பிடித்த விடயம் வேறு. அந்த 128 கெபின்காரர்களுக்கு மட்டும் திறக்கும் ஒரு பொது மண்டபத்தையும் கூடவே கட்டியிருந்தார்கள். நாலாயிரம் பேர் ஏறும் கப்பலுக்குள்ளே தனியாட்களுக்காக ஒரு சின்னக் கப்பல் தேவைப்பட்டிருக்கிறது. கப்பல்காரனுக்கே விளங்கிய கதை இது.

சின்னக் கப்பலுக்கு இன்னொரு நன்மை, பெரியதை விடாத இடத்துக்கும் அது போகும். கலாபகோஸ் தீவுகளில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு இடமில்லை, ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கொடுக்கவும் மாட்டார்கள். அந்தாட்டிக்காவில் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேர்தான் இறங்கலாம், 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது. வெனிஸ் நகரின் நடுக் கால்வாய் வழியே பெரிய கப்பல்கள் போவதை 2021 ஓகஸ்டில் இத்தாலி நிறுத்தியது. இதெல்லாம் நம் சட்டைப் பைக்கு எட்டாத இடங்கள், தெரியும். ஆனால் அந்த 16 என்ற எண்ணைக் கவனியுங்கள். காலைக் கூட்டத்தில் ஆயிரம் பிள்ளைகள் நிற்கும்போது யார் வரவில்லை என்று அதிபருக்குத் தெரியாது. வகுப்பாசிரியருக்குத் தெரியும். தனியாகப் போகிறவர் ஒரு நாள் காலையில் எழும்பி வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

சரி, நமக்கு எட்டுகிற சின்னக் கப்பல் எது?

நோர்வேயின் கரையோரக் கப்பல்கள் அருமையானவை. 1893இல் தொடங்கிய சேவை, பேர்கனுக்கும் கிர்கெனெஸுக்கும் இடையில் 34 துறைமுகங்கள், போய் வர 12 நாள். உல்லாசப் பயணிகளோடு சாமானும் உள்ளூர்ச் சனமும் ஏறி இறங்கும். நம் பஸ் மாதிரி. ஆனால் ஷெங்கன் விசாவும் ஐரோப்பிய விலையும் சேர்ந்தால் பலருக்குச் சரிவராது.

நான் அந்த மூத்த சேரிடம் சொன்னது நைல் நதி. லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையில் மூன்று அல்லது நாலு இரவு. பெரும்பாலான படகுகளில் நூறு, நூற்றைம்பது பேர்தான். ஆறு என்பதால் இரண்டு பக்கமும் கரை தெரியும், பேரீச்சைத் தோட்டம், கழுதை, துணி துவைக்கும் பெண்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். எஸ்னாவில் தண்ணீர்க் கதவுக்குள் படகை ஏற்றி இறக்குவதைப் பார்க்க எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடி வருவார்களாம், அங்கேயே பாதிப் பேர் கூட்டாளியாகிவிடுவார்கள். எட்ஃபு, கொம் ஒம்போ கோயில்களில் இறங்கலாம். சரித்திரம் படிப்பித்த மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கரையில் பாங்குச் சத்தம் கேட்கும், சாப்பாட்டுப் பிரச்சினையும் பெரிதாக வராது. கடல் நோய் என்ற பேச்சே இல்லை. இதைவிடச் சின்னதாக, பாய் கட்டி ஓடும் 'தஹபிய்யா' படகுகளும் உண்டு. இருபது பேருக்கு உட்பட்டவை, விலை கூட.

மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நீதியில்லை.

வருத்தக்காரர்களுக்குப் பெரிய கப்பல்தான் பாதுகாப்பு. உள்ளே டொக்டர்மார், தாதிமார், சிறிய வைத்தியசாலை இருக்கும். ஆட்டமும் குறைவு. இதய நோய், டயலிசிஸ் என்று இருப்பவர் சின்னக் கப்பலைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஆனால் பெரிய கப்பலிலும் வருத்தம் கடுமையானால் கிட்டிய துறைமுகத்தில் இறக்கிவிட்டு அது போய்விடும். 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், 'எம்எஸ்சி மக்னிஃபிக்கா' கொழும்புக்கு வந்தபோது நம் நாட்டுச் சமையல்காரர் ஒருவரோடு, சுகவீனமான ஜெர்மன் பெண் பயணி ஒருவரையும் நமது கடற்படை இறக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தெரியாத நாட்டில் தனியாக இறக்கப்படும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வைத்தியச் செலவும், ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்ந்த காப்புறுதி இல்லாமல் எந்தக் கப்பலிலும் வாப்பாவை ஏற்ற வேண்டாம்.

சின்னக் கப்பலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அலட்டல்காரர் ஒருவர் உங்கள் மேசைக்கு வந்துவிட்டால் கடைசி நாள் வரை அவர்தான். பக்கத்து மேசையில் போத்தல் திறந்தால் எழும்பிப் போக வேறு மண்டபம் இல்லை. நைல் படகுகளிலும் வெளிநாட்டவருக்கு அது விற்கப்படும், அதை மறைக்கத் தேவையில்லை. இந்த விடயத்தில் சிங்கப்பூரிலிருந்து ஓடும் 'ஜென்டிங் ட்ரீம்' போன்ற பெரிய கப்பலில் ஹலால் சான்றிதழ் பெற்ற சாப்பாட்டு மண்டபமே இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து ஓடத் தொடங்கிய சவூதியின் 'அரோயா' கப்பலில் மதுவே இல்லை. கதைக்க ஆள் தேடாமல், யாருடைய தொல்லையும் இல்லாமல் நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க விரும்புகிற ஆளும் இருக்கிறார். அவருக்குப் பெரிய கப்பல் நல்லது. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

சகோதரிகள் தனியாகப் போவது பற்றி இன்பொக்ஸில் கேட்பீர்கள். மஹ்ரம் விடயத்தை நீங்கள் நம்பும் உலமாவிடம் கேளுங்கள், நான் அதைக் கதைக்கத் தகுதியானவன் அல்ல. கப்பலைப் பற்றி மட்டும் கேட்டால், முகம் தெரிந்த நூறு பேருக்கு நடுவில் இருப்பது பெண்ணுக்கும் நிம்மதி என்றே சொல்வேன்.

பிள்ளைகளே, காசு கட்ட முன் ஏஜென்சியிடம் இவற்றைக் கேளுங்கள். தனியாளுக்கு முழு விலை எவ்வளவு, வேலையாட்களுக்கான டிப்ஸ் அதற்குள் அடங்குமா? கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா? (கரையில் இறங்காவிட்டாலும் கேட்கிற நாடுகள் உண்டு. சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவையில்லை என்பதை வைத்து மற்ற நாடுகளையும் அப்படி நினைத்துவிட வேண்டாம்.) சாப்பாட்டு மேசை கடைசி வரை ஒரே மேசையா, ஒவ்வொரு நாளும் மாறுமா? பெரிய கப்பல்தான் என்று முடிவானால், ஒரே மேசை கிடைக்கும் கப்பலாகப் பாருங்கள், பாதிக் குறை அதிலேயே தீரும்.

நைல் என்றால் ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் அனுப்புங்கள். ஜூன், ஜூலையில் அஸ்வான் வெயில் 40 பாகையைத் தாண்டும், நம் மட்டக்களப்பு வெயிலெல்லாம் ஒன்றுமில்லை. ஆங்கில வழிகாட்டி உள்ள குழுவில் பெயரைப் போடச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் வாப்பா நாலு நாளும் பிரெஞ்சுப் பாடம் கேட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

போய் வந்தவர்கள் யாரும் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்தப் படகு, எவ்வளவு முடிந்தது, தனியாளுக்கு எவ்வளவு கூட எடுத்தார்கள் என்று விபரமாகச் சொன்னால் அந்த சேருக்குக் காட்டுகிறேன். அவர் இன்னும் காசு கட்டவில்லை.