உருளும் கற்களின் பழைய பாக்கி

இங்கிலாந்தில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்று ஒரு ஸங்கீத கோஷ்டி உண்டு. உருளும் கற்கள் என்று அர்த்தம். 1962-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டன் மார்க்கீ கிளப்பில் மேடை ஏறிய இந்தக் கற்கள், அறுபது வருஷங்களுக்குப் பிறகும் உருள்வதை நிறுத்தவில்லை. 'ராக்' ஸங்கீதம் என்றாலே காதைப் பொத்திக் கொள்ளும் பெரியவர்கள் நம் நேயர்களில் பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் இந்தப் பக்கத்தைக் காதால் அல்ல, கண்ணால்தானே படிக்கப் போகிறார்கள்? ஆகவே துணிந்து எழுதுகிறோம்.

இக்கோஷ்டியின் சரித்திரத்தில் மைல்கற்களை எண்ணுகிறவர்கள், எத்தனை இசைத் தட்டுகள் விற்றன, எந்தக் கடற்கரையில் எத்தனை லக்ஷம் ஜனங்கள் கூடினார்கள் என்றுதான் எண்ணுவது வழக்கம். நாம் எண்ண விரும்புவது வேறு. இவர்கள் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள். அந்தக் கடனை எங்கெங்கே தீர்த்தார்கள், எங்கே தீர்க்கத் தவறினார்கள் என்பதே நம் கணக்கு.

கடன் வாங்கிய இடம் ஒரு ரயில்வே ஸ்டேஷன். 1961 அக்டோபரில், லண்டனை அடுத்த டார்ட்போர்ட் ஸ்டேஷனில், சிறு வயதில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு வாலிபர்கள் தற்செயலாகச் சந்தித்தார்கள். ஒருவர் மிக் ஜாகர். லண்டன் பொருளாதாரக் கல்லூரி மாணவர். மற்றவர் கீத் ரிச்சர்ட்ஸ். சித்திரப் பள்ளி மாணவர். ஜாகரின் கையில் சில இசைத் தட்டுகள் இருந்தன. சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பு வித்வான்களின் தட்டுகள். மடி என்றதும் நேயர்கள் ஆசாரத்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். இந்தப் பெயருக்குச் சேற்று நீர் என்று பொருள்.

மடி வாட்டர்ஸ் மிஸிஸிப்பியில் பருத்திப் பண்ணையில் வேலை செய்தவர். 1943-இல் ஊரை விட்டுச் சிகாகோவுக்குப் போனார். அடிமைகளாக விற்கப்பட்ட மக்களின் சந்ததியார் தங்கள் துயரத்தையும், அத்துயரத்தைப் பார்த்துச் சிரிக்கும் நெஞ்சுரத்தையும் சேர்த்துப் பாடிய பாட்டுக்கு 'ப்ளூஸ்' என்று பெயர். அதை மின்சாரக் கிதாரில் ஏற்றி, பட்டணத்து இரைச்சலுக்கு ஈடு கொடுக்கச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். 1950-இல் வெளிவந்த அவருடைய பாட்டு ஒன்றிலிருந்துதான் நம் கோஷ்டியார் தங்கள் பெயரையே எடுத்துக் கொண்டார்கள். ஆக, பெயரும் கடன்.

முதல் சில வருஷங்கள் இவர்கள் பாடியவற்றில் பெரும்பாலானவை பிறர் பாட்டுக்களே. 1963-இல் வந்த முதல் தட்டு சக் பெர்ரியின் பாட்டு. 1964 ஜூனில் இவர்கள் சிகாகோ சென்று, மடி வாட்டர்ஸ் பாடிப் பதிவு செய்த அதே செஸ் கம்பெனியின் அறையில் தாங்களும் பதிவு செய்தார்கள். அன்று உள்ளே நுழைந்தபோது மடி வாட்டர்ஸ் ஏணி மேல் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தார் என்று ரிச்சர்ட்ஸ் பிற்காலத்தில் சொல்லி வந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று கம்பெனி முதலாளியின் குமாரர் மறுத்தார். யார் சொல்வது மெய்யானாலும், சிஷ்யர்கள் கோடீசுவரர்களாகிக் கொண்டிருக்க, குருநாதர் அவர்கள் அளவு சம்பாதிக்கவில்லை என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

மறு வருஷம் நடந்ததை நாம் இவர்களுடைய முதல் தவணை என்று கருதுகிறோம். 1965 மே மாதம் அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்று இவர்களை அழைத்தது. ஹௌலிங் வுல்ப் என்னும் கறுப்பு வித்வானையும் அழைத்தால்தான் வருவோம் என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மனிதர் ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற ஆகிருதியும் படைத்தவர். பெயருக்குத் தக்க குரல். அவர் பாடியபோது இந்த வெள்ளைக்கார வாலிபர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். கறுப்பர்களின் ஓட்டுரிமையைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் அப்போது இன்னும் நிறைவேறவில்லை, ஆகஸ்டில்தான் நிறைவேறியது. சொந்த நாட்டார் வீட்டுக்கூடத்தில் அவரைக் காண, கடல் கடந்து வந்த பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது!

ஆனால் கணக்கின் மறு பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும். 1968-இல் வந்த ஒரு தட்டில் மெம்பிஸ் நகரப் பாதிரியார் ராபர்ட் வில்கின்ஸின் பாட்டு ஒன்று இருந்தது. முதலில் அச்சான தட்டில் பாட்டை இயற்றியவர்கள் ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்றே கண்டிருந்தது, பின்னால்தான் திருத்தினார்கள். பாட்டின் விஷயம் என்ன தெரியுமோ? தகப்பன் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்த ஊதாரிப் பிள்ளையின் விவிலியக் கதை! அடுத்த வருஷம் ராபர்ட் ஜான்ஸனின் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அவர் 1938-இலேயே காலமானவர். அதற்கு 'உடி பெய்ன்' என்று ஒரு புனைபெயரைப் போட்டார்கள். அவர் பாட்டுக்கள் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து என்று, இவர்களுடைய பாட்டுரிமையைக் கவனித்து வந்த கம்பெனி கோர்ட்டு வரை வாதாடியது. 2000-ஆம் வருஷம் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

பக்கத்துப் பையனைப் பார்த்துக் கணக்குப் போட்டவனை வகுப்பில் நாம் மன்னிப்பதுண்டு. மேலே இருக்கும் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினவனை மன்னிப்பதில்லை. நம் கீர்த்தனங்களில் இயற்றியவர் தம் முத்திரையைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். அதை விழுங்காமல் பாட்டைத் திருட முடியாது. ப்ளூஸ் பாடியவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. அவர்கள் பெயர் தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில்தான் இருந்தது.

இடையில் கோஷ்டிக்குள் நேர்ந்த சாவு, பிரிவு, வழக்கு, வரிக்கு அஞ்சி நாட்டை விட்டுப் போனது எல்லாம் தனிக் கதை. 1981 நவம்பரில் சிகாகோவின் சிறிய கிளப் ஒன்றில் மடி வாட்டர்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது, ஜாகரும் ரிச்சர்ட்ஸும் ரானி வுட்டும் மேடை ஏறி அவருடன் சேர்ந்து பாடியதைச் சொல்லாமல் விட மனமில்லை. மைதானங்களை நிரப்பிக் கொண்டிருந்தவர்கள் அன்று அவருக்குப் பக்கவாத்தியக்காரர்கள். 1983 ஏப்ரலில் அவர் காலமானார்.

2015 டிசம்பரில், பெரும்பாலோர் எழுபது வயது தாண்டிய நிலையில், மூன்றே நாட்களில் பழைய ப்ளூஸ் பாட்டுக்கள் பன்னிரண்டைப் பதிவு செய்து அடுத்த வருஷம் வெளியிட்டார்கள். ஒன்றுகூடச் சொந்தப் பாட்டு அல்ல. 1963 முதல் தாளத்தைத் தாங்கி வந்த சார்லி வாட்ஸ் அதில் வாசித்தார், 2021-இல் மறைந்தார்.

அவருக்குப் பின் 2023 அக்டோபரில் ஒரு தட்டு வந்தது. கடைசிப் பாட்டில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும் இருக்கிறார்கள்: ஒரு கிதார், ஒரு ஊதுவாத்தியம், ஒரு கிழக் குரல். கோஷ்டிக்குப் பெயர் கொடுத்த அந்த 1950-ஆம் வருஷத்துப் பாட்டுத்தான் அது. அதுவரை எந்தத் தட்டிலும் அதை இவர்கள் பாடி வெளியிட்டதில்லை. இயற்றியவர் பெயராக மடி வாட்டர்ஸின் பெயரே கண்டிருக்கிறது.