பதினாலாயிரம் கிலோமீற்றர்

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான்வழியே சுமார் 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது. லண்டனிலோ டோகாவிலோ துபாயிலோ இறங்கி ஏற வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். இந்த ஒரு நாளைத்தான் நம்மவர்கள் விருந்துகளில் பெருந்துயரமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆறு மணித்தியாலம் குந்தியிருந்தார்களாம், கோப்பியும் வாயில் வைக்க முடியவில்லையாம்.

இது கடவுச்சீட்டு உள்ளவனுடைய கணக்கு. அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் அவன் தப்பிவந்த நாட்டுக்குச் செல்லாது. அதை வைத்திருந்த காலத்தில் ஊர் எங்களுக்கு எத்தனை மணித்தியாலத் தூரத்தில் இருந்தது? தாயைப் பார்க்கத் திருச்சிக்கும் சென்னைக்கும் போனோம். பலாலிக்கும் சென்னைக்கும் இடையில் நேர்கோட்டில் 400 கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தாய் கிளாலிக் கடலைக் கடந்து, வவுனியாவில் பாசுக்கு நின்று, கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்து வந்துசேர மாதங்கள் பிடித்தன. எந்த விமானக் கம்பனியின் நேர அட்டவணையில் இது இருக்கிறது?

இன்னொன்று. ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு மிகக் குறுகிய வழி, தட்டையான படத்தில் தெரிவதுபோல அத்திலாந்திக்கைக் குறுக்கே வெட்டிக் கிழக்கே போவதல்ல. வடக்கே ஏறி, ஆர்க்டிக்கைத் தொட்டு, ரஷ்யாவுக்கு மேலாக இறங்குவது. 2022 இல் ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டதும் டெல்லிக்குப் போகும் கனடிய விமானங்கள் சுற்றிப் பறக்கத் தொடங்கின. வழி அடைபட்டால் சுற்றித்தான் போகவேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. விமானத்தை யாரும் ஏமாற்றுக்காரன் என்று சொல்லவில்லை.

மனிதர் சுற்றி வந்தால் கதை வேறு. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 150க்கும் மேற்பட்ட தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். மேற்கு ஜேர்மனியில் கப்பலேறியது பின்னர் வெளியே வந்தது. உடனே கூச்சல். எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதை வைத்து எவ்வளவு உண்மையான அகதிகள் என்று அளந்தார்கள். மொஸ்கோ, கிழக்கு பேர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லின் என்று வந்து, முகாமில் வேலை செய்ய அனுமதியின்றிக் கிடந்தவனுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்று யார் கணக்குப் போட்டார்கள்? அன்றைய பிரதமர் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவில் தப்பினார்கள்.

2010 இல் தாய்லாந்துப் பக்கமிருந்து மூன்று மாதம் கடலில் கிடந்து 492 பேருடன் சன் சீ கப்பல் வன்கூவர் தீவுக்கு வந்தது. வந்தவர்களைச் சிறையில் அடைத்தார்கள். அமைச்சர் பயங்கரவாதம் பற்றிப் பேசினார். அவர் பேசுவார், அது அவர் அரசியல். ஆனால் 'வரிசையில் வந்திருக்கலாமே' என்று ஸ்காபரோ வீட்டுக் கூடங்களில் இருந்து சொன்னவர்களும் இருந்தார்கள். ஏஜென்சிக்காரன் தலைமாற்றிக் கொடுத்த புத்தகத்தோடு பியர்சனில் இறங்கிய அதே ஆட்கள். அவர்கள் நின்ற வரிசை கொழும்பில் எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டோம். இன்னும் பதில் வரவில்லை.