இரண்டு எழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்!

நான் மெட்ரிக் வரை படித்த ரயில்வே குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கம்பக்கத்து நம்மவர்கள் ஆங்கிலக் கடிதங்களோடு வந்துவிடுவார்கள். படித்துச் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் தாராவியில் இருந்து நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர் வந்தார். ஒரு பட்டறையில் 12 வருடம் உழைத்தவர்.

"தம்பி, ஆட்குறைப்பாம். 'ரிட்ரெஞ்ச்மெண்ட்' என்று கையெழுத்து வாங்கினார்கள். பணம் எப்போது வரும்?" என்றார்.

காகிதத்தைப் பார்த்தேன். அதில் இருந்த சொல் 'ரிசைன்'!

இரண்டும் 'ஆர்', 'ஈ' என்ற எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. அண்ணாச்சி அதோடு நம்பிவிட்டார். விஷயம் மீதி எழுத்துகளில் அல்லவா இருக்கிறது!

'ரிட்ரெஞ்ச்' என்றால் முதலாளி ஆளைக் குறைப்பது. ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2020-ம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்திலும் இருக்கிறது. அண்ணாச்சியின் கணக்கு 180 நாள் சம்பளம்.

'ரிசைன்' என்றால் தொழிலாளி தானாக விலகுவது. 5 ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. ஆட்குறைப்பு நஷ்டஈடு கிடையாது.

அரசு வேலையில் 'ரிட்டயர்' வேறு, 'ரிசைன்' வேறு. பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர் 20 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெற்றால் பென்ஷன் உண்டு. ராஜினாமா செய்தால் பழைய சர்வீஸ் போய்விடும். இரண்டும் ஒன்றல்ல என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் கூறிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 'ரிசைன்' என்ற சொல்லின் நடுவே ஒரு சிறு கோடு போட்டால் 'மறுபடியும் கையெழுத்திடு' என்று அர்த்தம் மாறிவிடும். ஒரு கோட்டில் வேலை இருக்கிறது. கோடு இல்லாவிட்டால் வேலை இல்லை!

ஆங்கிலம் தெரியாதது வெட்கம் அல்ல. தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து. "நாளை தருகிறேன்" என்று காகிதத்தை வாங்கி வாருங்கள். தெரிந்தவரிடம் காட்டுங்கள். நகல் கேளுங்கள்.

நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. நல்லதுதான். வாரம் ஒரு மணி நேரம் கடிதம் படித்துச் சொல்ல இரண்டு பேரை உட்கார வைத்தால் என்ன?

அண்ணாச்சி இப்போது யூனியன் ஆபீசுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட ஒரு நிமிடம்தான் ஆனது. அதை மாற்ற எத்தனை மாதமோ!